துண்டு போடாத சாம்பியன்

என் மனைவியின் அண்ணனுடைய வலது மணிக்கட்டை நான் ஒரே ஒரு முறைதான் பிடித்திருக்கிறேன். பத்து விநாடி இருக்கலாம். இன்றும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது என் உள்ளங்கைக்கு அது திடீரென்று நினைவு வந்துவிடும். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வேன். தூள் ஒட்டியிருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

அது என்ன கை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கடலூர் முதுநகரில் ‘சாம்பியன் வீடு எது’ என்று கேட்டால் சைக்கிளில் போகிறவர் இறங்கி நின்று வழி காட்டுவார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். பதினெட்டு வயதில் வேலை தேடி மதராஸுக்குப் போனவர் அங்கே குத்துச்சண்டை பழகி, ஹெவி வெயிட் பிரிவில் நான்கு முறை மாநில சாம்பியன் ஆனார். அகில இந்தியப் போட்டியில் அரையிறுதி வரை போய் ஒரு ராணுவ வீரரிடம் தோற்றார். அந்தத் தோல்வியையும் எங்கள் ஜில்லாவில் வெற்றியாகத்தான் சொல்வார்கள்: ‘பட்டாளத்தான் மூணு ரவுண்டு அடிச்சும் நம்மாளு கீழ வுழல.’ விளையாட்டு ஒதுக்கீட்டில் கடலூரிலேயே அரசு வேலை கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தங்கை. அந்தத் தங்கையைத்தான் எனக்குக் கொடுத்தார்.

நான் சிதம்பரத்தில் கணக்கு வாத்தியார். ஒல்லியான ஆள். கல்யாணத்துக்குப் பிறகு என் மரியாதை கூடிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் ‘சாம்பியன் மாப்ள வராரு, வழி வுடு’ என்பார்கள். கடலூரில் முடிவெட்டும் கடைகளில் கண்ணாடிக்கு மேலே அவர் கையுறை போட்டு நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். தேர் இழுக்கும் முன் வடத்தைத் தொடக் கூப்பிடுவார்கள், மாதா கோவில் திருவிழாவில் கொடிக்கயிறு இழுக்கக் கூப்பிடுவார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வருவார்கள். அவர் முஷ்டியைக் குழந்தையின் முதுகில் ஒரு தடவை வைத்து எடுத்தால் பிள்ளை பயமில்லாமல் வளருமாம். யார் தொடங்கி வைத்த பழக்கம் என்று அவருக்கே தெரியாது. கூச்சத்தோடு வைப்பார். வைக்கும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொள்வார். பூஞ்சை உடம்பு நோகக் கூடாது என்று அவ்வளவு கவனம் என்று நான் பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டாயிரத்து நான்கிலேயே அப்படித்தான் பிடித்துக்கொண்டார். எங்களில் ஒருவருக்கும் அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அவர் ஒரு நாளும் தன்னைப் பற்றிப் பெரிதாகப் பேசியதில்லை. கேட்டால் சிரித்துக்கொண்டு, ‘மொதல் மெடலு சும்மா நின்னு வாங்குனது மாப்ள. எதிர்ல ஆளே வரல. கைய தூக்கி வுட்டாங்க’ என்பார். ஹெவி வெயிட் என்றால் அப்படித்தானாம். எண்பத்தொரு கிலோவுக்கு மேல் உடம்புள்ள பையன்கள் நம் பக்கத்தில் குறைவு. சில வருஷம் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். எடை காட்டிவிட்டு மேடை ஏறினால் அவன்தான் சாம்பியன். இதையே அவர் வேறொரு விதமாகவும் சொல்லியிருக்கிறார், நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை. பயிற்சியிலும் எடைக்கு எடை ஆள் கிடையாது. அதனால் சின்ன எடைக்காரர்கள் மூன்று பேர் மாறி மாறி வந்து அவரைக் குத்துவார்கள். இவர் திருப்பி முழு பலத்தோடு அடிக்கக் கூடாது, அடித்தால் அவர்கள் தாங்க மாட்டார்கள். ‘வாங்கறதுதான் மாப்ள என் ப்ராக்டீஸு’ என்றார் ஒரு தடவை. வாங்கி வாங்கிப் பதினான்கு வருஷம்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். சிதம்பரம் வரவேண்டியவர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே சீர்காழி வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். டீ பாதி டம்ளர் ஊற்றினால் போதும் என்பார். என் மகன், ‘மாமா, நேத்து சாப்ட்டது இன்னா சொல்லு பாப்போம்’ என்று கிண்டல் செய்வான். அவரும் சேர்ந்து சிரிப்பார். நாங்கள் எல்லாருமே சிரித்தோம்.

மகன் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. சுமாரான மார்க் வாங்குகிற பையன். நல்ல கல்லூரியில் பொறியியல் கிடைக்காது என்பது எனக்குக் கணக்காகவே தெரிந்தது. வகுப்பில் ஊரார் பிள்ளைகள் எல்லாரையும் கரையேற்றிவிட்டு என் பிள்ளை மட்டும் நிற்கப்போகிறான் என்ற எண்ணம் என்னைத் தின்றது. அப்போது எங்கள் பி.டி. மாஸ்டர் சொன்னார்: ‘சார், ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்குதே. வூட்லயே சாம்பியன வச்சிக்கினு நீங்க ஏன் சார் கவலப்படறீங்க? ஹெவி வெயிட்ல போட்டா ஆளே வரமாட்டான். எடைய காட்டுனா போதும், ஸ்டேட் சர்டிபிகேட்.’

மச்சானிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். ‘வேணாம் மாப்ள, அவன் படிக்கட்டும்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குத் தெரியாமல் செய்தேன்.

பையன் எழுபத்தாறு கிலோ இருந்தான். இரண்டு மாதம் அவனுக்கு நான் போட்ட தீனியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. காலையில் ஆறு முட்டை, பண்ருட்டியிலிருந்து உடைந்த முந்திரி, தயிர் பிசைந்த சோறு, தூங்கும் முன் நான்கு பூவன் பழம். மாலையில் பி.டி. மாஸ்டர் எப்படி நிற்பது, எப்படி முகத்தை மறைப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். என் மனைவி ஒரு நாள் கேட்டாள்: ‘அடி கிடி படாதே?’ நான் சொன்னேன்: ‘எதிர்ல ஆளே இருக்க மாட்டான். அப்படியே வந்தாலும் உங்க அண்ணன் வுட்ருவாரா?’ அண்ணன் பேரைச் சொன்னதும் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த வருஷம் மாநிலப் போட்டி கடலூரில். காலையில் வீட்டுத் தராசில் எழுபத்தெட்டரை. எண்பத்தொன்றைத் தாண்ட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது நான் வருஷா வருஷம் நடத்துகிற பாடம். இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று, அதற்கு மேல் ஒரு சொம்பு, ஆறு வாழைப்பழம். பையன், ‘அப்பா, ஒண்ணுக்குப் போயிட்டு வரேம்பா’ என்று கெஞ்சினான். ‘எடை போடற வரைக்கும் அடக்குடா, உன் சீட்டே அதுலதான் இருக்குது’ என்றேன். அவனே சிரித்துவிட்டான். முள் எண்பத்தொன்றைத் தாண்டி ஒரு நூலிழை நின்றது. எழுதிக்கொண்டார்கள். நான் வெளியே வந்து மனதுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அரைமணி கழித்து இன்னொரு பெயர் வந்தது. கடலோரக் குப்பத்துப் பையன். எண்பத்தெட்டு கிலோ. வலை இழுத்து வளர்ந்த தோள். அவன் எடையில் தண்ணீர் இல்லை.

மச்சான் சிறப்பு விருந்தினராக மேடையில் உட்கார்ந்திருந்தார். கையுறையோடு நின்ற மருமகனைப் பார்த்ததும் எழுந்து நேரே என்னிடம் வந்தார். ‘யாரு மாப்ள இவன எடையில நிறுத்துனது? தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கான். நடக்கறப்பவே தெரியுது.’ நான் தலையைக் குனிந்தேன். ‘கூட்டிட்டுப் போயிடு’ என்றார். ‘மூணு ரவுண்டு நின்னா போதும் மச்சான். தோத்தாலும் செகண்ட் பிளேஸ். சர்டிபிகேட் வந்துரும். அவன் லைஃப் மச்சான்.’ அவர் சட்டையின் கையை மடித்துக்கொண்டு சொன்னார்: ‘அப்போ மூலையில நான் நிக்கிறேன். ஒரு அடி சரியா வுழுந்தாலும் துண்டு போட்டுருவேன். அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது.’ மூலையில் நிற்பவர் துண்டை மேடைக்குள் எறிந்தால் சண்டை அதோடு நின்றுவிடும். அது விதி.

முதல் ரவுண்டில் என் மகன் முகத்தை மறைத்துக்கொண்டு கயிறு ஓரமாகச் சுற்றினான். வயிற்றில் இருந்த தண்ணீர் அவனை ஓட விடவில்லை. இரண்டாவது ரவுண்டில் ஒரு குத்து காதோரம் விழுந்தது. நடுவர் எட்டு வரை எண்ணி, முடியுமா என்று கேட்டார். பையன் தலையாட்டினான். மறுபடி தொடங்கியது. மச்சானின் வலது கை, துண்டோடு, மேலே போனது.

நான் அவருக்குப் பின்னாலேயே நாற்காலியில் இருந்தேன். துண்டு விழுந்தால் பாதியில் விட்ட சண்டை, ஒதுக்கீட்டில் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ சொன்னது மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது. கூட்டத்தின் கண்ணெல்லாம் சண்டையில் இருந்தபோது எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ‘ஒரு நிமிஷம் மச்சான், பெல் அடிச்சிரும்.’

ஈயை உதறுகிற மாதிரி என்னை உதறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உண்மையில் அந்த நம்பிக்கையில்தான் பிடித்தேன். நான் தடுத்தேன், அவர் மீறினார் என்று ஆகியிருக்கும். கை நின்றுவிட்டது. என் பிடிக்குள், கோழிக்குஞ்சைப் பிடித்தால் உள்ளங்கையில் ஒரு துடிப்புத் தெரியுமே, அப்படி நடுங்கியது. அவர் முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தார், அது எனக்குத் தெரிந்தது. தோளில் நரம்பு புடைத்திருந்தது. ஆனால் கைக்கு எதுவும் வந்து சேரவில்லை. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் தைரியம் கொடுத்த கை, கணக்கு வாத்தியாரின் விரல்களிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாமல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒளித்து வைத்திருந்தது வெளிப்பட்டுவிட்டவன் பார்க்கிற பார்வை.

மேடையில் என்னவோ விழுந்த சத்தம் கேட்டது. என் மகன் மீது விழுந்த அந்தக் குத்தை நான் பார்க்கவில்லை. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடலூர் அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. இரண்டு நாள் அவன் கண் விழிக்கவில்லை. குப்பத்துப் பையன் தன் அம்மாவோடு வந்து வார்டு வாசலில் நின்று அழுதான். ‘பெல்லு அடிக்கல சார். அதான் சார் அடிச்சேன்’ என்றான். அங்கிருந்த மருத்துவர் மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்து நின்றார். ‘நீங்க பாக்ஸரா? இந்த நடுக்கம் எத்தனை வருஷமா இருக்கு? மறதி இருக்கா?’ என்று கேட்டார். மச்சான் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். தலையில் வருஷக்கணக்காக விழுகிற அடி அப்போதைக்கு ஒன்றும் செய்யாது, பிறகு உள்ளேயிருந்து அரிக்கும் என்று மருத்துவர் என்னிடம் விளக்கினார். மகன் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். நான் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவி சிதம்பரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நேரே அண்ணனிடம் போனாள். ‘நீதானண்ணே மூலையில நின்ன? உன் கையில துண்டு இருந்துச்சா இல்லியா?’

‘இருந்துச்சும்மா.’

‘ஏன் போடல?’

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: ‘இன்னும் கொஞ்சம் தாங்குவான்னு நெனச்சிட்டேன். என் தப்புதான்.’

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கை போய்விட்ட விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று அவர் நினைக்கிறார், சாம்பியனின் மானம் அது, நான் உண்மையைச் சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன். அந்த நியாயத்தில் இரண்டு வருஷம் ஓட்டினேன்.

மகன் பிழைத்துக்கொண்டான். இடது காது கேட்கவில்லை. பேசுகிறவர் பக்கம் கழுத்தைத் திருப்பி வலது காதைக் கொடுப்பான். ஒரு வருஷம் வீணாகி, சிதம்பரத்திலேயே பி.எஸ்ஸி. சேர்ந்தான். துண்டு விழுந்திருந்தாலும் இரண்டாம் இடத்துச் சான்றிதழ் கிடைத்திருக்கும், யாரும் எந்தக் கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

மனைவி அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மகனும்தான். பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டுவருவது வழக்கம். கரும்பு, மஞ்சள் கொத்து, புடவையோடு அவர் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். இவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசல் கேட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷமும் வந்தார். அந்தத் தடவை பக்கத்துத் தெருவில் வேறு யார் வீட்டு வாசலிலோ வைத்துவிட்டுப் போனார், எங்கள் வீடு எது என்று தெரியாமல்.

ஊரில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. சொந்த மருமகனே அடி வாங்கியபோதும் அவர் துண்டு போடவில்லையாம். தோல்வியை ஒத்துக்கொள்ளாத ஆளாம். ஆட்டோக்களின் பின்னால் ‘துண்டு போடாத சாம்பியன்’ என்று ஸ்டிக்கர் வந்தது. விடலைகள் அதைப் பனியனில் அச்சடித்துக்கொண்டார்கள். ஒரு தடவை கடலூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர், ‘நம்ம சாம்பியன் பஸ்ஸுல எடம் புடிக்கக்கூட துண்டு போட மாட்டாருப்பா’ என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடிபடும் பிள்ளையைக் காப்பாற்றக் கை ஓங்கிய மனிதரை, காப்பாற்றாததற்காக ஒரு ஜில்லா கொண்டாடிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் முதுநகர் இளைஞர்கள் அவர் பெயரில் குத்துச்சண்டைக் கூடம் ஒன்று கட்டினார்கள். திறப்பு விழாவில் நான் பேச வேண்டும் என்றார்கள். ‘நீங்க வாத்தியாரு, நல்லா பேசுவீங்க.’ உறவுக்காரர்கள் வாய்க்குப் பயந்து மனைவியும் வந்தாள். மகனோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் என்னை மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சால்வைக்கு அடியில் அவர் கை ஆடிக்கொண்டேயிருந்தது. அவர் என் பக்கம் சாய்ந்தார்.

‘மாப்ள, ஒண்ணு கேக்கணும். புள்ள அடி வாங்கறப்ப நான் துண்டு போடலன்னு எல்லாரும் சொல்றாங்க. நெனச்சி நெனச்சிப் பாக்கறேன், ஒண்ணும் நெனப்புக்கு வரல. கையில வச்சிக்கினு ஏன் மாப்ள சும்மா நின்னேன்? எனக்கு அவன் மேல இன்னா கோவம்?’

செய்யாத குற்றத்தைத் தெரிந்தே தலையில் ஏற்றிக்கொண்ட மனிதர், ஏற்றிக்கொண்டதை மறந்துவிட்டார். குற்றம் மட்டும் தலையில் நின்றுவிட்டது. நடந்தது தெரிந்த ஆள் உலகத்தில் இனி நான் ஒருவன்தான்.

ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை. ‘சாம்பியன் துண்டு போடக் கை ஓங்கினார். நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்’ என்றேன்.

கூட்டத்திலிருந்து ஒருவன், ‘வாத்தியாரே! சாம்பியன் கைய நீ புடிச்சியா? ஒடம்ப பாத்துப் பேசு வாத்தியாரே!’ என்று கத்தினான். சிரிப்பு வெடித்தது. விசில் அடித்தார்கள். நான் மறுபடியும் சொன்னேன். இன்னும் ஜாஸ்தியாகச் சிரித்தார்கள். தொகுத்து வழங்கியவர் என் தோளில் கை போட்டு, ‘மச்சான் மேல எவ்ளோ பாசம் பாருங்க, பழிய தன் மேல போட்டுக்கறாரு’ என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார். எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள். கடைசி வரிசையில் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

விழா முடிந்து கீழே இறங்கியபோது மகன் வலது காதை என் பக்கம் திருப்பினான். ‘நீங்களாப்பா?’ என்றான். ‘ஆமாம்டா’ என்றேன். மனைவி என்னைத் தாண்டிப் போய் அண்ணனிடம், ‘வாண்ணே, வூட்டுக்குப் போலாம்’ என்றாள். அவர்கள் மூன்று பேரும் ஓர் ஆட்டோவில் ஏறினார்கள். நான் பஸ்ஸில் சிதம்பரம் திரும்பினேன்.

அவள் அங்கேயே, அண்ணன் வீட்டில், அவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். மகன் அங்கிருந்து ரயிலில் கல்லூரிக்கு வருகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். அவள் டீ கொண்டுவந்து வைப்பாள், பேசமாட்டாள். மச்சான் என்னை அடையாளம் கண்டுகொள்கிறார். சற்று நேரம் கழித்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதே கேள்வியைக் கேட்கிறார்: புள்ள அடி வாங்கறப்ப நான் ஏன் சும்மா நின்னேன்? ஒவ்வொரு வாரமும் நான் முதலிலிருந்து சொல்கிறேன். நீங்க கை ஓங்கினீங்க மச்சான், நான்தான் புடிச்சேன். ஒவ்வொரு வாரமும் அவருக்கு அது அப்போதுதான் தெரிகிறது. ‘நீயா?’ என்று நிமிர்ந்து பார்க்கிறார். அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இரண்டு வருஷமாக அவர் தன் மானத்துக்காகப் பொய் சொன்னார் என்று நினைத்திருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே அது இல்லை என்று தெரிந்துபோனது. அதிர்ச்சி அடங்கியதும் அவர் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அங்கே வாசற்படியில் என் மனைவி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் நிற்பது மனதில் பதியாதவராய்க் குனிந்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். போன ஞாயிறும் அதையேதான் சொன்னார்:

‘தங்கச்சிகிட்ட சொல்லிராத மாப்ள. அப்புறம் அவ உன்கூட இருக்க மாட்டா. நான் போடலன்னே இருக்கட்டும்.’